கரண்டும் வேணும், கட்டையும் வேணும்

"நிறுத்துங்க... அங்க ரம்பத்த வைக்காதீங்க!"

மழைச் சத்தத்தையும் மீறி வந்த அந்தக் குரலுக்கு, மரத்தின் மேல் ஏறி நின்ற ஆள் பயந்துபோய் கையை எடுத்துவிட்டார்.

திருப்பாதிரிப்புலியூரில் நஜியாவின் பல் ஆஸ்பத்திரி காம்பவுண்டில் நின்ற பூவரச மரம், விடியற்காலைக் காற்றில் வேரோடு சாய்ந்து, மின்கம்பியையும் இழுத்துக்கொண்டு தெருவில் கிடந்தது. மரம் கட்டிட உரிமையாளர் கலியமூர்த்தியுடையது. "கட்டை பூராவும் நீங்களே எடுத்துக்கங்க டாக்டர், இடத்த காலி பண்ணா போதும்" என்று அவர் போனில் சொன்னதும், குடையைக்கூட மறந்துவிட்டு ஸ்கூட்டியில் பறந்து வந்திருந்தாள் நஜியா.

"யாருங்க நீங்க?"

திரும்பினாள். மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒருவன். மின்வாரியத்து என்ஜினியர் என்பது அவன் ஆட்களிடம் கை காட்டிய தோரணையிலேயே தெரிந்தது. இமையில் ஒரு மழைத்துளி தொங்கிக்கொண்டிருந்தது... அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்த கிளினிக் டாக்டர். அந்த கவட்டைல வெட்டாதீங்க. அதுக்குக் கீழ ஒரு முழம் விட்டு வெட்டுங்க."

"மேடம், தெருவுக்கே கரண்ட் இல்ல. நாங்க அவசரத்துல இருக்கோம். உங்களுக்கு இப்ப கரண்ட் வேணுமா, கட்டை வேணுமா?"

"ரெண்டும் வேணும்."

மரத்தின் மேல் நின்றவர் சிரித்துவிட்டார். அவன் சிரிக்கவில்லை. ஆனால் கண்கள் சிரித்தன... திருட்டுத்தனமாக.

நஜியா கைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்தாள். ஈர மரத்தில் அது எழுதவில்லை. நகத்தால் பட்டையில் ஒரு கோடு கீறினாள்.

"இங்க. ரெண்டு கிளை சேர்ற இடத்துலதான் உள்ள ரேகை நல்லா ஓடியிருக்கும்."

"வீட்ல யாராவது ஆசாரி இருக்காங்களா மேடம்?"

"இருக்காங்க. நான்தான்."

இப்போதுதான் அவன் இமையைத் துடைத்தான். கோடு கீறிய இடத்திலேயே வெட்டச் சொன்னான். வெட்டி எடுத்த கவட்டையை ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்ததும் துண்டு இரண்டாகப் பிரிந்தது. வெளிவட்டம் வெளுப்பு, நடுவில் கருஞ்சிவப்பு. அதற்குள்ளே நெருப்புக் கொழுந்து மாதிரி மேலே ஏறும் ரேகைகள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள்... ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள்.

"அட... டப்பா மூடிக்கு என்னமா இருக்கும் இது!" என்றான் அவன், தன்னை மறந்து.

நஜியா நிமிர்ந்தாள். "நீங்களும்...?"

"சிதம்பரத்துல வீடு. மாடில சின்னதா ஒரு ரூம் போட்டிருக்கேன். லீவு நாள்ல பொட்டி, முக்காலி, அந்த மாதிரி. நீங்க என்ன செய்வீங்க?"

"கடைசல். லேத்துல கிண்ணம், குவளை."

"ஓ... கடைசலா?" உதடு லேசாகச் சுளித்தது. "அது மிஷின் செய்யற வேலை மேடம். கட்டை அதுவா சுத்துது, நாம உளிய நீட்டினா போதும். பொட்டிக்கு மூலை சேக்கறதுதான் கை வேலை."

மழை இன்னும் பெய்துகொண்டுதான் இருந்தது. ஆனால் நஜியாவின் காது மட்டும் சுட்டது.

"உங்க பேரு?"

"ரஃபியுதீன்."

"ஞாயித்துக்கிழம எங்க வீட்டுக்கு வாங்க ரஃபியுதீன். அத்தா இருப்பாங்க, அம்மா இருப்பாங்க. லேத்தும் இருக்கும். வந்து உளிய நீட்டிக் காட்டுங்க."

*

வர மாட்டான் என்றுதான் நினைத்தாள். வந்துவிட்டான்... இஸ்திரி போட்ட சட்டையும் கையில் ஒரு பை ஆரஞ்சுமாக. கார் நிற்க வேண்டிய ஷெட்டில் லேத் நின்றது. கார் பாவம், தெருவில் வெயில் காய்ந்தது. அத்தா உபைதுல்லா ஷெட் வாசலில் நாற்காலி போட்டு பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒரு வரிகூடப் படிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

நஜியா துப்பட்டாவை இறுக்கிச் செருகி, ஃபேஸ் ஷீல்டை அவனிடம் நீட்டினாள். "மொதல்ல இது."

கட்டை சுழல ஆரம்பித்தது. ரஃபி அலட்சியமாக உளியை நீட்டினான். அவ்வளவுதான். 'டக்' என்று உளி கட்டையைக் கடித்தது. கட்டை பிடியை விட்டுப் பிய்த்துக்கொண்டு சுவரில் மோதி, உருண்டு போய் அத்தாவின் காலடியில் நின்றது.

அத்தா பேப்பரைத் தாழ்த்தினார். "தம்பி... டீ குடிச்சிட்டுப் போங்க. உசுரோட."

நஜியா உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிக்கக் கூடாது... சிரிக்கவே கூடாது... ம்ஹூம், சிரித்துவிட்டாள்.

அவன் முகம் சிவந்தது. கோபித்துக்கொண்டு போய்விடுவான் என்றுதான் எதிர்பார்த்தாள். அவனோ குனிந்து கட்டையை எடுத்து, அடிபட்ட இடத்தைத் தடவிப் பார்த்தான்.

"நான் தப்பா பேசிட்டேன். எப்படிப் புடிக்கணும்னு சொல்லித் தர்றீங்களா?"

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான்! வகுப்பில், வேலையில், கல்யாணப் பேச்சில் என்று அவள் எத்தனையோ ஆண்களைப் பார்த்திருக்கிறாள். 'தப்பா பேசிட்டேன்' என்ற வார்த்தை அவர்கள் யாருக்கும் இவ்வளவு சீக்கிரம் வாயில் வந்ததில்லை. அந்த நிமிஷம் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று தன் இடத்தைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது... எழுந்து போகிற உத்தேசமே இல்லாமல்.

"உளியோட முதுகு மொதல்ல கட்டைல உரசணும்," என்றாள். அவன் கையைத் தொடாமல், உளியின் நுனியை மட்டும் விரலால் காட்டினாள். "அது சும்மா தடவிட்டே இருக்கட்டும். அப்புறம் மெதுவா கைப்பிடிய தூக்குங்க. உளி முனை தானா சீவும். நீங்க தள்ளவே வேணாம்."

ஈரக் கட்டையிலிருந்து முதல் சுருள் கிளம்பியது. நீளமாக, உடையாமல், அவன் மணிக்கட்டைச் சுற்றி விழுந்தது. ஷீல்டுக்குள்ளிருந்து அவளைப் பார்த்தான்... முதல் பட்டம் ஏற்றிய சின்னப் பையனைப் போல.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மழையே வந்தாலும் ரஃபி வராமல் இருக்கவில்லை. அவன் கொண்டு வந்த பெட்டியின் மூலைகளில் முடி நுழையவும் இடைவெளி இல்லை. "இது கை வேலைதான், ஒத்துக்கறேன்" என்றாள். "இப்பவாவது ஒத்துக்கிட்டீங்களே மேடம்..." என்றான். அத்தா பேப்பரை நிஜமாகவே படிக்க ஆரம்பித்தார். பிறகு ஒருநாள் அவரே சொன்னார்: "அவுங்க வீட்டுலேர்ந்து பேச வர்றாங்களாம்மா."

*

ரஃபியோடு அவன் அம்மாவும் அக்கா ஜெய்னபும் வந்தார்கள். அக்கா நல்ல கலகலப்பு. நஜியாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கிளினிக் பற்றியெல்லாம் கேட்டாள். பிறகு பார்வை ஜன்னல் வழியாக ஷெட்டுக்குப் போனது. சிரிப்பு நின்றது.

"எல்லாம் சரிம்மா. அந்த மிஷின மட்டும் கல்யாணத்துக்கு அப்புறம் விட்டுடு. டாக்டர் கை அது. ஏதாவது ஆச்சுன்னா?"

நஜியா ரஃபியைப் பார்த்தாள்.

பேசுங்க ரஃபி... ஒரு வார்த்த...

அவன் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜெய்னபின் பக்கம் திரும்பினாள். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. அந்த மிஷின வெளில வெச்சிட்டு நான் மட்டும் உள்ள வர முடியாது. அது இல்லாம வர்றது பாதி நஜியாதான். பாதிய எதுக்குக் கட்டிவைக்கணும்?"

அவர்கள் போன பிறகு அம்மா முணுமுணுத்தாள், "வாய கொஞ்சம் அடக்கியிருந்தா என்னவாம்?" அத்தா போய் ஷெட் விளக்கைப் போட்டுவிட்டு வந்தார்.

ரஃபி போன் செய்தான். அவள் எடுக்கவில்லை. மறுபடி செய்தான். எடுக்கவில்லை. லேத்தின் முன்னால் நின்றால் கட்டை சுழன்றது, சுருள் விழுந்தது... ஆனால் மனசு மட்டும் உளி நுனியில் இல்லை. அப்படி நிற்பதுதான் ஆபத்து என்று அவளுக்குத் தெரியும். ஸ்விட்சை அணைத்தாள்.

*

புதன்கிழமைகளில் சிதம்பரத்தில் ஒரு கிளினிக்கில் அவளுக்கு வேலை. அன்று பஸ் வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டும்போதே முடிவு செய்துவிட்டாள். கோபமோ என்னவோ, அதை நேரில் போய்ச் சொல்லிவிடுவது. வேலை முடிந்ததும் ரஃபியின் வீட்டுக்குப் போக ஆட்டோவில் ஏறினாள். "லால்கான் தெரு போங்கண்ணே."

கதவைத் திறந்தது ஜெய்னப். ஒரு கணம் திகைத்து, "வாம்மா... உள்ள வா" என்றாள்.

ஹாலில் ஜெய்னபின் கணவர் உட்கார்ந்திருந்தார். "டாக்டர் பொண்ணா? வாங்க வாங்க" என்று டீ கிளாஸை எடுக்கக் கையை நீட்டினார். அந்தக் கையில் இரண்டு விரல்கள் இல்லை.

நஜியா பார்த்ததை ஜெய்னப் பார்த்துவிட்டாள்.

"சவுதில... பலக அறுக்குற மிஷின்ல" என்றாள் மெல்ல. "போன்ல சேதி கேட்டப்ப நான் இங்க தனியா இருந்தேன். இப்பவும் மிஷின் சத்தம் கேட்டா காதப் பொத்திக்குவேன்."

"அன்னிக்கே இத சொல்லியிருக்கலாமேக்கா."

"பொண்ணு பாக்க வந்த வீட்ல, ஸ்வீட் தட்ட முன்னாடி வெச்சிக்கிட்டு எப்படிம்மா சொல்றது?"

நஜியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "லேத்துல ஆபத்தே இல்லன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா நான் எப்படி நிக்கறேன், என்ன போட்டுக்கறேன், எப்ப அணைக்கறேன்... ஒரு நாள் வந்து பாருங்க. பாத்துட்டு அப்புறம் வேணாம்னு சொல்லுங்க. அப்பவும் நான் விட மாட்டேன். ஆனா உங்க பயத்த தெரிஞ்சிக்கிட்டு வேலை செய்வேன்."

"நான் வர்றேன்மா," என்றார் ஜெய்னபின் கணவர் சட்டென்று. "மர வாசனை புடிச்சி ரொம்ப நாளாச்சு."

ஜெய்னப் அவரை முறைத்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "உங்கள யாரு தனியா விடுவா? நானும்தான் வருவேன்... மேல இருக்கான் உன் ஆளு. சாப்பாடும் சரியில்ல, தூக்கமும் சரியில்ல. போ. நான் படில உக்காந்துக்கறேன்."

மாடி அறையில் பலகைகள், சீவல், பசை வாசனை. வெளியே மழை மறுபடி பிடித்துக்கொண்டிருந்தது. ரஃபி ஒரு முக்காலிக்குக் கால் ஒட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தவன் பசை பிரஷைக் கீழே போட்டான்.

"நஜியா...?"

"ஒரே கேள்விதான். அன்னிக்கு ஏன் பேசல?"

அவன் கீழே விழுந்த பிரஷை எடுத்து ஓரமாக வைத்தான். "'அவுங்க மிஷின் வெச்சிக்கட்டும்'னு நான் சொன்னா, நான் பர்மிஷன் குடுத்த மாதிரி ஆயிடும். உங்க வேலைக்கு பர்மிஷன் குடுக்க நான் யாரு? அப்படி நெனச்சேன். மச்சான் கை வேற கண்ணு முன்னாடி நின்னுச்சு... வாய் வரல. வீட்டுக்கு வந்து அக்காகிட்ட சண்டதான் போட்டேன். உங்க முன்னாடி பேச வேண்டியத இங்க பேசி என்ன பிரயோஜனம்?"

"நான் பர்மிஷன் கேக்கல ரஃபி." இவ்வளவு நேரமும் கட்டுப்பாட்டில் இருந்த குரல் இப்போதுதான் நடுங்கியது. "என் பக்கத்துல நின்னா போதும்னு நெனச்சேன்."

"நின்னிருக்கணும்," என்றான். "தப்பு பண்ணிட்டேன். இனிமே நிப்பேன்."

மழை ஓட்டின் மேல் பேசிக்கொண்டே இருந்தது. அவன் கண்களை நேராகப் பார்த்தாள் நஜியா. இனி எதற்குக் காத்திருப்பது? யார் முதலில் சொன்னால் என்ன?

"எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்கு. நீங்க தோத்ததையும் தப்பையும் ஒத்துக்கற விதம் புடிச்சிருக்கு. உங்க பொட்டி புடிச்சிருக்கு... இஸ்திரி சட்ட புடிச்சிருக்கு. நான் உங்களத்தான் கட்டிக்கப் போறேன். இப்ப நீங்க சொல்லுங்க."

ரஃபி தன்னை மறந்து பின்னால் இருந்த முக்காலியில் உட்காரப் போனான்.

"ஐயோ, பசை காயல..!"

நஜியா சொல்லி முடிப்பதற்குள் ஒரு கால் ஒரு பக்கம், முக்காலி ஒரு பக்கம், ரஃபி தரையில். சீவல்களுக்கு நடுவே உட்கார்ந்தபடி அவளை அண்ணாந்து பார்த்தான். கண்ணில் அத்தனை ஈரம்... அத்தனை சிரிப்பு.

"எப்பவோ புடிச்சிப்போச்சுங்க," என்றான். "சொல்லத்தான் தைரியம் இல்ல. உங்கள மாதிரி எனக்கு வராது."

படியிலிருந்து ஜெய்னப் கத்தினாள். "டேய், என்னடா சத்தம்? என்னாச்சு?"

ரஃபி நஜியாவைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள்... சொல்லுங்க, உரக்கச் சொல்லுங்க என்று.

"ஒண்ணும் இல்லக்கா!" அவன் குரல் மழையைத் தாண்டித் தெருவரைக்கும் போயிருக்கும். "நான் நஜியாவக் கட்டிக்கப் போறேன்... மிஷினோட!"