ஒற்றைத் தட்டல்

வெள்ளிக்கிழமை மதியத் தொழுகைக்கு எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கெய்ரோவின் வெயில் கொட்டகைத் தகரத்தில் தகதகத்தது. அருங்காட்சியகத்துக்காக நாங்கள் பழுதுபார்த்த ராணுவ ஹெலிகாப்டர் புது வண்ணத்தில் மினுங்கியது. கதவை ரிவெட் அடித்து மூடுவது மட்டும்தான் பாக்கி.

"என்ன உஸ்தாத், கதவைக் கட்டிக்கப் போறீங்களா? இப்படிப் பாத்துட்டே நிக்கறீங்க," என்றான் உடன் வேலை செய்யும் வக்தி. "நாளைக்குத் திறப்பு விழா. பிள்ளைங்க ஏறி விழுந்தா யாரு பொறுப்புன்னு அருங்காட்சியக மேடம் கத்தறாங்க."

"திறந்தே இருக்கட்டுமே வக்தி."

"இதுல இனிமே யாரு ஏறப்போறா? மூடிட்டு வாங்க. ஃபூல் மொச்சை ஆறிப்போகும்."

சினாய் போரில் காயம்பட்ட என்னை ஏற்றிவந்தது இதே ஹெலிகாப்டர்தான். இதன் மெக்கானிக் என் தம்பி ஷுக்ரி. கதவோரம் அவன் உள்ளங்கையால் ஒருமுறை தட்டினால், இன்னும் ஆள் ஏற வேண்டும், பொறு என்று பைலட்டுக்கு அர்த்தம். இருமுறை தட்டினால், கிளம்பு. அன்று பாரம் அதிகம். எனக்கு இடம் விட்டு மணலில் இறங்கினான்.

"அடுத்த நடையில வர்றேண்ணா."

வெளியே நின்று இருமுறை தட்டினான்.

அடுத்த நடை போகவே இல்லை. அம்மா சாகும்வரை, நான் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பாள்.

வக்தி போனதும் கதவை இழுத்து ரிவெட் அடித்தேன். கடைசி ரிவெட் இறங்கியபோது விமான எரிபொருள் வாடை வந்தது. டாங்குகளை எப்போதோ கழுவிக் காயவைத்துவிட்டோம்.

தகட்டில் ஒரு தட்டல்.

வெளிப்பக்கம். என் தோளுக்கருகில்.

புது வண்ணத்தின் மேல், மணல் ஒட்டிய உள்ளங்கைத் தடம்.

"ஷுக்ரி?"

அடித்த ரிவெட்டுகளையெல்லாம் துளைத்தெடுத்தேன். அவசரத்தில் துளைக்கருவி வண்ணத்தைக் கீறியது. கதவைத் தள்ளித் திறந்தேன்.

"ஏறுடா," என்றேன் மெதுவாக. "இப்ப பாரமே இல்ல. எஞ்சினைக்கூடக் கழட்டிட்டோம்."

கதவுப் பக்கச் சக்கரம் மெல்ல அமுங்கியது. காற்றுக்குப் பதிலாக அதற்குள் கெட்டி ரப்பர் அடைத்தவன் நான்தான்.

கண்ணை மூடி, அந்த இரண்டு தட்டலுக்காகக் காத்திருந்தேன்.

உள்ளிருந்து ஒன்றுதான் கேட்டது.

இரண்டாவது வரவில்லை. கொட்டகையில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை.

மேடம் எவ்வளவு கத்தியும் நான் அந்தக் கதவை மூடவில்லை. சக்கரமும் இன்னும் எழும்பவில்லை.