முந்நூறு மக்ரூன் படுத்துக்கொண்ட காலை

வேல்ராஜ் பேக்கரியில் முட்டை அடிக்கிற மெஷின் ஓடினால், கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் இருக்கும் பூனைகள் காதைப் பொத்திக்கொள்ளும். நம்பிக்கை இல்லையென்றால் அந்தப் பூனைகளிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தச் சத்தத்தில்தான் தூத்துக்குடி மக்ரூன் பிறக்கும். முட்டையின் வெள்ளைக்கருவையும் சீனியையும் நுரை பொங்க அடிப்பார்கள். முந்திரிப் பொடி கலப்பார்கள். காகிதக் கூம்பில் நிரப்பித் தட்டில் சுற்றிச் சுற்றிப் பிழிவார்கள். பிறகு இளஞ்சூட்டு அடுப்பில் ராத்திரி முழுக்கக் காயவிடுவார்கள். காலையில் பார்த்தால் வெள்ளை வெளேரென்று, உச்சியில் கூர்முனையோடு வரிசையாக நிற்கும். வாயில் போட்டதும் காணாமல் போய்விடும். போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்து இன்னொன்றை எடுப்போம்.

வேல்ராஜின் மகள் ஜெயபிரியா ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய கணக்கு நோட்டில் முன்பக்கம் கணக்கு, பின்பக்கம் மக்ரூன். கலங்கரை விளக்கு மக்ரூன், மீன் மக்ரூன், கப்பல் மக்ரூன் என்று படம் படமாக வரைந்து வைத்திருந்தாள். கணக்கைவிட மக்ரூன்தான் அதிகம்.

ஆனால் ஒன்றைக்கூட வெளியே சொல்ல மாட்டாள். எல்லாம் அந்த உப்பு மக்ரூனால் வந்த வினை.

போன வருடம் ஒருநாள், "நம்ம ஊர்லதான் இம்புட்டு உப்பளம் இருக்கே, உப்பு மக்ரூன் போட்டா என்ன மாஸ்டர்?" என்று கேட்டுவிட்டாள்.

அடுப்பு மாஸ்டர் முப்பிடாதி சிரித்தார். அவர் சிரித்த சிரிப்பில், புகைக்கூண்டில் இருந்த காக்கா பயந்து பறந்து பாஞ்சாலங்குறிச்சியில் போய்த்தான் உட்கார்ந்தது. அன்றிலிருந்து தெருவில் அவளுக்கு அதுவே பெயர். பால்காரர்கூட, "ஏளா உப்பு மக்ரூன், பாத்திரத்தைக் கொண்டா" என்பார்.

அப்போது மூடிய வாய்தான். பிறகு திறக்கவே இல்லை.

அந்தச் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மாஸ்டரின் அலறல் கேட்டு அவள் கடைக்குள் ஓடினாள். தட்டுகளில் முந்நூறு மக்ரூன். ஒன்றுகூட நிற்கவில்லை. எல்லாம் தட்டையாகப் படுத்துக் கிடந்தன.

"அண்ணாச்சி, அடுப்புக் கதவைத் திறந்தியளா?" என்றார் மாஸ்டர்.

அப்பா தலையைச் சொறிந்தார். "ஒரே ஒரு நிமிசந்தான். புதுக்கோட்டை மச்சான் வீடியோ கால்ல வந்தாரு. நம்ம மக்ரூன் எப்படி நிக்குதுன்னு காட்டினேன்."

"ஒரு நிமிசத்துல இப்படி ஆவாதே!"

"பொறவு அக்காவும் பாக்கணும்னா. அதுக்குப் பொறவு அவ மாமியாரு. மாமியாருக்குக் கண்ணாடி கிடைக்கல. தேடி எடுத்துட்டு வரதுக்குள்ள..."

அதற்குள் கடல்காற்று உள்ளே புகுந்துவிட்டது. அடுப்பு குளிர்ந்தால் அரைகுறையாகக் காய்ந்த மக்ரூன் உட்கார்ந்துவிடும். இது வேல்ராஜுக்குத் தெரியாதா? ஊருக்கே பாடம் எடுப்பவர் அவர்தான். ஆனால் பெருமை வந்தால் பாடம் மறந்துவிடும்.

அன்று பார்த்து அது கப்பலுக்குப் போக வேண்டிய ஆர்டர். துறைமுகத்தில் நின்ற பெரிய சரக்குக் கப்பலின் கேப்டன், போன தடவை ஒரு பெட்டி வாங்கிப் போனார். கப்பல்காரர்கள் எல்லோரும் இந்தத் தடவையும் கேட்கிறார்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார். கப்பல்களுக்குச் சாமான் கொண்டுபோகும் ஜாய்சன் பத்து மணிக்கு வந்துவிடுவார். பன்னிரண்டு மணிக்குக் கப்பல் கிளம்பிவிடும். புதிதாகச் சுட ஒரு ராத்திரி வேண்டும். கப்பல் என்ன டவுன் பஸ்ஸா, கையைக் காட்டினால் நிற்பதற்கு?

"வாக்குக் குடுத்துட்டேனே," என்று அப்பா ஸ்டூலில் உட்கார்ந்தார். அவரும் மக்ரூன் மாதிரியே அமுங்கிப் போனார். "ஜாய்சனுக்குப் போன் போட்டு இல்லைன்னு சொல்லிர வேண்டியதுதான்."

ஜெயபிரியா ஒரு மக்ரூனைக் கையில் எடுத்தாள். தட்டை. ஓரம் வட்டம். மேலே பிழிந்த சுற்றுகள் வரி வரியாக இருந்தன.

இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே! கடற்கரையில்! தன் நோட்டில், பதினேழாம் பக்கத்தில்!

நெஞ்சுக்குள் மெஷின் ஓடியது. வாயைத் திறந்தாள். 'உப்பு மக்ரூன்' என்று பால்காரர் குரல் காதுக்குள் கேட்டது. மூடிக்கொண்டாள்.

சொல்லத்தானே பயம்? செய்து பார்க்க என்ன பயம்?

ஒரு கைப்பிடி மக்ரூனை அள்ளிக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். அம்மா இந்துமதி கருப்பட்டிப் பாகு காய்ச்சி இறக்கியிருந்தாள். ஜெயபிரியா இரண்டு மக்ரூனின் ஓரத்தில் பாகைத் தடவி ஒட்டினாள். சூட்டில் கரைந்து ஓட்டை விழுந்தது. தின்றுவிட்டாள். அடுத்தது ஈரமாக இருந்ததால் வளைந்தது. அதையும் தின்றாள். சாட்சி இருக்கக் கூடாதல்லவா?

"ஏளா, என்ன பண்ணுத?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா!"

மூன்றாவது ஜோடியைத் தோசைக்கல்லின் இளஞ்சூட்டில் காயவிட்டாள். மொறுமொறுவென்று ஆனது. பாகு ஆறிக் கெட்டியாகியிருந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் ஒட்டி, வாயைக் கொஞ்சம் திறந்து வைத்தாள். கேக்குக்கு மேலே ஒட்டும் வெள்ளைச் சீனி உருண்டை ஒன்றை உள்ளே பதித்தாள்.

சிப்பி! உள்ளே முத்து!

கடைக்குள் அப்பா போனைக் காதில் வைத்திருந்தார். "ஹலோ ஜாய்சன், ஒரு விசயம்..."

ஜெயபிரியா கையைப் பாவாடைக்குப் பின்னால் மறைத்தாள். மாஸ்டர் அங்கேதான் நின்றார். அவருடைய பல் எல்லாம் சிரிக்கத் தயாராக இருப்பதுபோல் அவளுக்குத் தோன்றியது. சிரித்தால் சிரிக்கட்டும். காக்காதான் ஏற்கெனவே பறந்துவிட்டதே!

"அப்பா, போனை வைங்க!"

அந்தச் சத்தத்தில் அப்பா போனை மாவுக்குள் போட்டுவிட்டார்.

"இது படுத்த மக்ரூன் இல்லப்பா. சிப்பி. நம்ம ஊரு முத்துச் சிப்பி. மறுபடி அடுப்புல காய வச்சா நூத்தம்பதுகிட்ட செய்யலாம்."

மாஸ்டர் குனிந்து பார்த்தார். உதடு துடித்தது. இதோ, சிரிக்கப் போகிறார்...

"ஏ அண்ணாச்சி," என்றார் மாஸ்டர். "உள்ள முத்து வேற இருக்கு!"

அதற்குப் பிறகு அங்கே நடந்ததைச் சூறாவளி பார்த்திருந்தால் வெட்கப்பட்டிருக்கும். மாஸ்டர் அடுப்பை மூட்டினார். அம்மா பாகு தடவினாள். அப்பா ஒட்டினார். ஜெயபிரியா முத்து வைத்தாள்.

"வாயை ரொம்பத் திறக்காதீங்கப்பா. சிப்பி கொட்டாவி விடுத மாதிரி இருக்கு!"

"சரி தாயீ, சரி!"

பத்து மணிக்கு வண்டியோடு வந்த ஜாய்சன் பெட்டியைத் திறந்து பார்த்தார். "அண்ணாச்சி, கேப்டன் கேட்டது கூம்புல்லா? இது என்ன?"

அப்பா மகளைப் பார்த்தார். ஜெயபிரியா ஒரு அடி முன்னால் வந்தாள். "மாமா, கூம்பு எல்லா நாளும் கிடைக்கும். இது இன்னைக்குத்தான் பொறந்துச்சு. அப்படியே சொல்லுங்க."

ஜாய்சன் போனார். பதினொன்று ஆனது. பதினொன்றரை ஆனது. அப்பா நகத்தைக் கடித்தார். அது தீர்ந்ததும் மாஸ்டரின் நகத்தைப் பார்த்தார்.

போன் அடித்தது. வீடியோ கால். கப்பல் மேல்தளத்தில் செந்தாடிக் கேப்டன் நின்றார். ஒரு சிப்பியைக் காதோரம் வைத்துக் கடல் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தார். பிறகு மெல்ல வாய்க்குள் வைத்தார். அடுத்த நொடி, "பேர்ல்! பேர்ல்!" என்று குதித்தார். பக்கத்தில் நின்றவர்கள் பெட்டிக்குள் கையை விட்டுச் சண்டை போட்டார்கள்.

பன்னிரண்டு மணிக்குத் துறைமுகத்திலிருந்து கப்பல் சங்கு ஊதியது. ஒன்று. இரண்டு. மூன்று! பேக்கரிக் கண்ணாடி அதிர்ந்தது.

"அது உனக்குத்தான்ளா," என்றார் அப்பா.

எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். மாஸ்டர் மட்டும் போகவில்லை. அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ஏளா பிரியா... அந்த உப்பு மக்ரூன் சொன்னியே. உப்பு எம்புட்டுப் போடணும்னு நெனச்ச?"

ஜெயபிரியா கணக்கு நோட்டைப் பின்பக்கமாகத் திறந்தாள்.