ஏழாம் நம்பர் வெளியே

மதியம் காவலாளி படிக்கட்டின் உச்சியில் நின்று, "டீ வாங்கப் போறேன், உங்களுக்கும் வேணுமா?" என்று நிலவறைக்குள் குரல் கொடுத்தபோது, "எனக்கு வேண்டாம் அண்ணே" என்று பதில் சொன்னது அவள் இல்லை.

அது அவளுக்கு அப்போது தெரியாது. பழைய தாள்களில் தலையைப் புதைத்துவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் அவளுக்குக் கேட்காது என்பது அந்த நூலகம் முழுக்க அறிந்த விஷயம். அவளுடைய வேலையும் அப்படிப்பட்டதுதான். யாராவது செத்துப்போனால் அவர்கள் விட்டுப்போன காகிதங்கள் பெட்டி பெட்டியாக இங்கே வந்து சேரும். துரு ஏறிய குண்டூசிகளைப் பிடுங்கி, ஒவ்வொரு தாளுக்கும் பென்சிலால் எண் போட்டுப் பட்டியல் எழுத வேண்டியது அவள் பொறுப்பு. அதனால் 'பட்டியலம்மா' என்று ஒரு பட்டப்பெயரும் உண்டு. மூன்று மணிக்குத் தலைவலி தாங்காமல் மேலே வந்தவள், "என்ன அண்ணே, என்னை அடியோட மறந்துட்டீங்களே, இன்னிக்கு டீ கிடையாதா?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்கே நியாயம்! நீங்கதானே வேண்டாம்னீங்க?"

"நானா?"

"பின்ன? கீழ உங்களைத் தவிர வேற யாரு இருக்கா? குட்டிக்குக் காய்ச்சல், மூணு ராத்திரியா தூங்கலன்னு காலையிலயே சொன்னீங்க. தூக்கக் கலக்கத்துல சொல்லியிருப்பீங்க, விடுங்க."

இருக்கலாம் என்று அவளும் விட்டுவிட்டாள். அவள் மகள் குட்டிக்கு ஆறு வயது. அப்பா லாரியோடு வெளியூர் போனால் திரும்ப வாரக்கணக்காகும். பகலில் நாத்தனார் வந்து பார்த்துக்கொள்கிறாள். ஆனால் அவளுக்கும் வீடு வாசல் இருக்கிறது. "நீ வந்து வாசல்ல செருப்பைக் கழட்டற நிமிஷம் நான் கிளம்பிடுவேன், லேட் பண்ணாதே" என்று சொல்லியிருந்தாள். குட்டி அதற்கு மேல். அம்மாவின் கையைப் பிடித்து, அஞ்சு மணிக்கு நேரே வீட்டுக்கு வரவேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விட்டாள்.

ஐந்து மணிக்குக் கிளம்பிவிடலாம். பதினொன்றாம் பெட்டிதான் கடைசி.

பெட்டிகள் ஒரு பத்திரிகைக்காரருடையவை. ஃபிலிம் ஆலை வைத்துக் கொழித்த ஒரு முதலாளியின் வாழ்க்கை வரலாற்றை எழுதப் புறப்பட்டு, ஒன்பது வருஷம் அலைந்து திரிந்து குறிப்பெடுத்து, கடைசியில் ஒரு அத்தியாயம்கூட எழுதாமலே போய்ச்சேர்ந்தவர். முதல் பத்துப் பெட்டியிலும் முதலாளி புகழ் பாடியாகிவிட்டது. ஒற்றைக் கேமராவோடு தெருத்தெருவாகத் திரிந்தவர், எல்லோர் வீட்டுக் கல்யாணப் படத்துக்கும் தன் ஃபிலிமையே வாங்கவைத்தவர், ஒரு பைசா வீணாக விடாதவர். பதினொன்றாம் பெட்டியைத் திறந்ததும் புளித்த வினிகர் வாசம் குப்பென்று மூக்கில் ஏறியது. பழைய ஃபிலிம் அழுகினால் வரும் வாசம் அது, அவளுக்குப் பழக்கம்தான். ஆனால் பெட்டிக்குள் ஃபிலிம் எதுவும் இல்லை. வெறும் காகிதம்.

ஆலையின் 'இருட்டுக் கூடம்' பற்றிய குறிப்புகள். ஃபிலிமுக்கு மருந்து பூசும் இடம். சின்னச் சிவப்பு விளக்குக்குக்கூட அங்கே அனுமதி கிடையாது. பன்னிரண்டு பேர், கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே கறுப்பில், சுவரைத் தடவித் தடவி வேலை செய்வார்கள். முகம் தெரியாத இடத்தில் ஆளுக்கு அடையாளம் குரல் மட்டும்தான். வேலை முடிந்ததும் மேஸ்திரி வாசலில் நின்று ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிடுவார். கூப்பிட்டவர் "வெளியே" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டவேண்டும். பன்னிரண்டும் சரியாக இருந்தால் கதவை மூடி அரக்கு வைத்துவிடுவார்கள். காலை வரை ஃபிலிம் உள்ளே காயும்.

மேஸ்திரி சொன்னதைப் பத்திரிகைக்காரர் அப்படியே எழுதி வைத்திருந்தார்.

"ஏழாம் நம்பர்னு கூப்பிட்டேன். வெளியேன்னான். அவன் குரல்தான், சத்தியமா. பூட்டிட்டேன். கால் மணி நேரத்துல உள்ளே இருந்து தட்டற சத்தம். முதலாளிகிட்ட ஓடினேன். அவர் ஆள் கணக்கு நோட்டைப் பார்த்தார். பன்னிரண்டு பேரும் வெளியே வந்தாச்சு, ஏழாம் நம்பர் வீட்டுக்கே போயாச்சுன்னு ஆள் விட்டு விசாரிச்சாச்சு, இல்லாத ஆளுக்காகக் கதவைத் திறந்து மொத்த ஃபிலிமையும் பாழாக்கச் சொல்றியான்னு கேட்டார். விடியற வரைக்கும் தட்டினாங்கய்யா. காலையில திறந்தப்போ இருட்டுல யாரோ என்னை இடிச்சுத் தள்ளிட்டு ஓடினாங்க. யாருன்னு பார்க்கல. பார்க்கத் தைரியம் வரல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நிலவறை நிலவறையாகத்தான் இருந்தது. நீள நீளமான இரும்பு அலமாரிகள், அவற்றுக்கு நடுவே ஒல்லியான சந்துகள், தலைக்கு மேல் ஓயாமல் ரீங்காரம் போடும் குழல் விளக்குகள், எங்கேயோ ஒரு குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தம், அது நின்ற பிறகும் காதுக்குள் கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டே இருந்தது. வினிகர் வாசம் பெட்டிப் பக்கம் குறைந்து, படிக்கட்டுப் பக்கம் கூடியிருந்தது.

அடுத்த தாளில் ஏழாம் நம்பரின் மனைவி பேசினாள்.

"மறுநாள் அவர் உள்ளே சாப்பிட்டுட்டு இருந்தார். வாசல் கதவை யாரோ தட்டினாங்க. நான்தான் வந்திருக்கேன், திறன்னு ஒரு குரல். தொண்டையில மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி. என் வீட்டுக்காரர் எதிரே உக்காந்திருக்கார், எவனோ வந்து நான்தான்ங்கறான். திறப்பேனா? அழுதுட்டே ரொம்ப நேரம் நின்னான். அப்புறம் வரவே இல்ல."

பத்திரிகைக்காரர் கேட்டிருந்தார், முதலில் வந்தவர் உங்கள் கணவர்தானா என்று.

"முப்பது வருஷம் குடும்பம் நடத்திட்டேன் தம்பி. இப்ப வந்து இதைக் கேக்காதீங்க."

 இதற்கு மேல் படிக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே அவள் அடுத்த தாளை எடுத்தாள். நூலகத்துக்குப் பத்திரிகைக்காரரின் மனைவி எழுதிய கடிதம். மூடிக்கிடந்த ஆலைக்குள் கணவர் ஒரு நாள் தனியாகப் போனாராம். அன்றைக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரமே வீடு திரும்பினாராம். அதற்கப்புறம் ஒரு வரிகூட எழுதவில்லையாம், பேனா பிடிக்கவே தெரியாதவர் மாதிரி. 'இத்துடன் உள்ள தாளை அன்று இரவு யாரோ எங்கள் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனார்கள். எரித்துவிடச் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.'

அந்தத் தாளில் வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. கும்மிருட்டில் உட்கார்ந்து எழுதியது. அவள் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். எல்லா வரியும் ஒரே வரிதான். போனது நான் இல்லை. போனது நான் இல்லை. அதே கையெழுத்து. பதினொரு பெட்டியிலும் அவள் பார்த்துச் சலித்த அதே கையெழுத்து.

வேண்டாம் அண்ணே என்று மதியம் சொன்னது யார்?

மணி ஐந்தாகப் பத்து நிமிஷம். எண்ணும் வேண்டாம், பட்டியலும் வேண்டாம், வேலை போனாலும் பரவாயில்லை, குட்டியிடம் போய்ச் சேர்ந்தால் போதும் என்று தாள்களை அள்ளிப் பெட்டியில் திணித்து, கடைசிச் சந்தில் அதன் இடத்தில் தள்ளினாள். அவசரத்தில் மூடி கீழே விழுந்தது. குனிந்தாள்.

"யாராவது இருக்கீங்களா? பூட்டப் போறேன்!"

காவலாளியின் குரல். அப்பாடா. அவள் வாயைத் திறந்தாள்.

"இதோ வந்துட்டேன் அண்ணே!"

படிக்கட்டின் அடியிலிருந்து வந்தது. அவள் குரல். அவள் இழுக்கும் அதே இழுவை.

செருப்புச் சத்தம் படியேறியது. அவசரமே இல்லாமல்.

"கீழ வேற யாரும் இல்லையே?"

"யாரும் இல்ல. வெளக்க அணைச்சிடுங்க."

அண்ணே என்று கத்தினாள். காற்றுதான் வந்தது. மறுபடியும். காற்று. அலமாரியில் இடித்துக்கொண்டு ஓடினாள். மேலே காவலாளி சிரித்துக்கொண்டே குட்டிக்கு எப்படி இருக்கு என்று கேட்பதும், காய்ச்சல் விட்டிருக்கும் அண்ணே, போய்த்தான் பார்க்கணும் என்று தன் குரல் பதில் சொல்வதும் அவளுக்குத் தெளிவாகக் கேட்டன.

விளக்கு போனது.

இரும்புக் கதவு. சாவி.

தடவினாள். அலமாரி. அலமாரி. சுவர். படி. தவழ்ந்து ஏறிக் கதவை இரண்டு கையாலும் குத்தினாள். வெகுநேரம் குத்தினாள். கை வீங்கிப்போனது. காவலாளி வெளிவாசலுக்குப் போயிருப்பார். அவர் கணக்குப்படி உள்ளே யாரும் இல்லை. காலை எட்டு மணிக்கு வருவார்.

குட்டிக்குக் காலை எட்டு மணி வரை யார் இருக்கிறார்கள்?

செல்போனைக் கீழே கொண்டுவர அனுமதி இல்லை. ஆனால் படியடியில் சுவர் போன் உண்டு. கண் தெரியாமல் இறங்கினாள். விரல்களுக்கு வீட்டு எண் தெரிந்திருந்தது. மணி அடித்தது. அடித்தது.

"ஹலோ, யாரு?"

குட்டி.

"கண்ணு." தொண்டையில் எதுவோ புரண்டு, ஒரு குரல் வந்தது. மண் அடைத்த குரல். அவளுடையது இல்லை. "கண்ணு, அம்மாடா."

"அம்மா இங்க இருக்காங்களே."

"அத்தை எங்கம்மா? அத்தைய கூப்பிடு!"

"அத்தை அப்பவே போயிட்டாங்க. அம்மாதான் வந்துட்டாங்கல்ல. நீங்க யாரு?"

"வெளிய ஓடு! பக்கத்து வீட்டுக்கு ஓடிடு! ஓடு கண்ணு!"

குட்டி வீறிட்டாள். "அம்மா! யாரோ பயமுறுத்தறாங்கம்மா!"

"யாரும் இல்லடா தங்கம்." ரொம்பப் பக்கத்தில். அவள் குரல். அவள் குட்டியைக் கொஞ்சும்போது மட்டும் வரும் குரல். "போனைக் கீழ போட்டுட்டு வா. லைட்டை அணைச்சிட்டு ஒளிஞ்சு விளையாடலாமா? நீ எண்ணு, அம்மா ஒளிஞ்சுக்கறேன்."

ரிசீவர் மேஜையில் விழும் சத்தம். குட்டியின் சிரிப்பு. மூன்று நாளைக்குப் பிறகு சிரிக்கிறாள்.

சுவிட்ச்.

"ஒண்ணு," என்றாள் குட்டி. "ரெண்டு."

அவள் கத்தினாள். கத்திக்கொண்டே இருந்தாள்.

"மூணு."

"நாலு."

அதுவும் குட்டியின் குரல்தான். ஆனால் அறையின் வேறு மூலையிலிருந்து வந்தது.

குட்டி எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

"அஞ்சு," என்றது குட்டியின் குரல்.