வலப்பக்கத்துக் குரல்

கடலோரத்தில் இருந்த அந்தப் பழைய நாடக அரங்கின் பின்கதவை க்ளெமென்ட் ட்ரூ தோளால் முட்டித் திறந்தபோது, மழையும் கூடவே உள்ளே வந்தது. ஈரச்சுவர், பழைய பவுடர், அதற்கும் அடியில் லேசாக எரிவாயு வாடை. எரிவாயு விளக்குகளை எந்தக் காலத்திலோ கழற்றிவிட்டார்கள். அது வாடைக்குத் தெரியவில்லை போலும்.

எழுபது தாண்டிய நடிகர். தொலைக்காட்சியில் எந்தத் துப்பறியும் தொடர் வந்தாலும் முதல் பத்து நிமிடத்தில் பிணமாகக் கிடப்பவர் இவர்தான். நூலகத்தில், குளியல் தொட்டியில், ஒருமுறை முட்டைக்கோஸ் வயலில். மகள் ஹெஸ்டர் சிறுமியாக இருந்தபோது அதைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுவாள். "கடைசிவரைக்கும் உயிரோட இருக்கற வேஷம் ஒண்ணு கிடைக்கட்டும், நீ நேர்லயே வந்து பாரு" என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

இப்போதுதான் கிடைத்தது. கிழட்டு நீதிபதி வேஷம், கடைசிக் காட்சியில் நீளமான ஒரு பேச்சு. சனிக்கிழமை மதியக் காட்சிக்கு லீட்ஸிலிருந்து ஹெஸ்டர் வருகிறாள்.

ஒரே சங்கடம், வசனம் தலையில் நிற்கவில்லை. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை, நாடகம் தொடங்கிய அன்றே, வசனம் பாதியில் நின்றுபோனது. வாய் திறந்திருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. இருட்டில் யாரோ மிட்டாய்த் தாளைப் பிரிக்கும் சத்தம் இடிபோலக் கேட்டது.

அப்போது வலது காதருகே ஒரு கிசுகிசுப்பு. அடுத்த வரி, அட்சரம் பிசகாமல்.

திரை விழுந்ததும் மேடை நிர்வாகி மொய்ராவிடம் ஓடினார். "நீ நல்லா இருப்ப கண்ணு. சரியான நேரத்துல வசனத்தை எடுத்துக் கொடுத்த."

"நானா? நான் விளக்குக்காரன்கூட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தேன். நீ முழிச்சதே எனக்குத் தெரியாது."

"அப்ப வலப்பக்கத்துல யாரு?"

மொய்ராவின் சிரிப்பு பாதியில் நின்றது. "வசனம் எடுத்துக் கொடுக்கற ஆளு மேடைக்கு இடப்பக்கம்தான உக்காருவாங்க? இவ்வளவு வருஷம் நடிச்சிருக்க, இது தெரியாதா? இங்க மட்டும் முன்ன அவங்க உக்கார வலப்பக்கம் ஒரு கூண்டு இருந்துச்சாம். செங்கல் வச்சு அடைச்சுட்டாங்க."

"ஏன்?"

"கேட்டுப் பார்த்தேன். பேச்சை மாத்துறாங்க."

க்ளெமென்ட் போய் அந்தச் சுவரைத் தொட்டார்.

வெதுவெதுப்பாக இருந்தது.

அன்று தங்குமிடத்துக்குத் திரும்பும் வழி மறந்துபோனது. வயசு என்று நினைத்துக்கொண்டார். புதனன்று குரல் இரண்டு இடத்தில் கை கொடுத்தது. வியாழனன்று ஒப்பனை மேஜையில் ஒரு பெண்ணின் படத்தைப் பார்த்து, இந்த அம்மாளின் படத்தை இங்கே யார் வைத்தது என்று எரிச்சல்பட்டார். பின்னால் திருப்பினால் அவருடைய கையெழுத்து: 'என் மனைவி'.

வசனம் இனாமாக வரவில்லை என்று அப்போதுதான் விளங்கியது.

"மொய்ரா, நாளைலேர்ந்து மாத்து ஆளைப் போட்டுடு. கெஞ்சிக் கேக்கறேன்."

"பத்திரிகைக்காரன் உன்னைத் தலையில தூக்கி வச்சு ஆடறான். நாளன்னிக்கு உன் பொண்ணு வர்றா. இப்பப் போய் பயந்து சாகறியே?"

"சாகறது எனக்குப் பழக்கம்தான் கண்ணு. இது வேற."

அவள் கேட்கவில்லை. அவரும் உண்மையில் விட்டுப்போக விரும்பவில்லை. குரல் தரும் எதையும் தொடுவதில்லை, தானே மனப்பாடம் செய்வது என்று முடிவெடுத்தார். பள்ளிப் பையன்போல நடந்து நடந்து உருப்போட்டார்.

சனிக்கிழமை. கடைசிக் காட்சி. முன்வரிசையில் ஹெஸ்டர், கைகளைக் கோத்து மடியில் வைத்திருந்தாள்.

நீதிபதி எழுந்தார்.

ஒரு வரிகூட இல்லை.

குரலுக்காகக் காது தானாகவே திரும்பியது. வெட்கமாக இருந்தது. திரும்பத்தான் செய்தது.

குரல் வரவில்லை.

எரிவாயு வாடை மட்டும் கனத்தது. செங்கலுக்குப் பின்னால் ஏதோ மூச்சை அடக்கிக் காத்திருந்தது. மூச்சடக்கிப் பிணமாகக் கிடந்து பழகிய அவரைவிட அந்த வித்தையை நன்றாகச் செய்தது.

ஹெஸ்டரின் முகத்தில், பழைய அழுகை எட்டிப் பார்க்கத் தொடங்கியது.

"சரி," என்றார், உதடு அசையாமல். "என்ன வேணுமோ எடுத்துக்கோ."

பேச்சு முழுவதும் வெள்ளமாக வந்தது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. மகளின் கண்முன் முதன்முறையாக க்ளெமென்ட் ட்ரூ கடைசிவரை உயிரோடு மேடையில் நின்றார்.

ஒப்பனை அறைக்குள் சிவப்புக் கோட்டு போட்ட பெண்ணொருத்தி அழுகையும் சிரிப்புமாக ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாள். "அப்பா! நீ சாகவே இல்லப்பா!"

யாரோ ரசிகை. அவர் மரியாதையாகப் புன்னகைத்தார். அவளுடைய சிரிப்பு மெல்ல உதிரத் தொடங்கியது.

ஒப்பனை அறைச் சுவரிலிருந்தும் அதே கிசுகிசுப்பு வந்தது.

"வந்துட்டியா ஹெஸ்டர்," என்றார் க்ளெமென்ட், கச்சிதமான பாசத்தோடு. "உனக்காகத்தான் இத்தனையும்."

அவரைக் கட்டிக்கொண்டிருந்த கைகள் சட்டென்று விறைத்தன.

"அப்பா... உனக்கு முன்னாடியே அதைச் சொன்னது யாரு?"

பதில் சொல்ல அவர் வாயைத் திறந்தார். பிறகு, தலையைச் சுவர்ப்பக்கம் மெல்லச் சாய்த்துக் காத்திருந்தார்.