பார்வை தின்னும் அங்கி

செம்பாளையத்தில் விடிந்ததும் முதல் வேலை, வீட்டில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் முறைத்துப் பார்ப்பது. மனைவி கணவனின் முதுகைப் பார்ப்பாள், அவன் அவள் தோளைப் பார்ப்பான், பள்ளிக்கு நேரமாகிவிட்டால் பிள்ளைகளை நிறுத்திவைத்து அவசர அவசரமாக ஒரு சுற்றுப் பார்த்து அனுப்புவார்கள். தனியாக வசிப்பவர்கள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "கொஞ்சம் என் பின்பக்கம் பாருங்களேன்" என்று கூச்சமில்லாமல் கேட்பார்கள். யாரும் மறுப்பதில்லை. நாளைக்குத் தாங்களும் போய் நிற்க வேண்டியிருக்குமே.

எல்லாம் துணி படுத்தும் பாடு. செவ்வாய்க் கிரகத்தில் பருத்தி விளையவில்லை, ஒரு பாசிதான் விளைந்தது. அதை நெய்தால் பாசித்துகில். செம்புழுதிக்குப் பயந்து எல்லோரும் கண்ணில் விழிவில்லை அணிந்திருந்தார்கள். தூரத்தை அளப்பதற்காக அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் பார்வையோடு கூடவே போகும். கதிர் பட்ட இடத்தில் பாசி நிறம் பிடித்துச் செழிக்கும். படாத இடம் சாம்பல் பூத்து அரை நாளில் உதிர்ந்துவிடும். கண் பட்டுவிடும் என்று பிள்ளைக்குக் கன்னத்தில் மை வைத்த வம்சம், இங்கே வந்து கண் படவில்லையே என்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

இசக்கிக்கு இந்தத் துணிதான் தொழில், பித்து, தலைவலி எல்லாம். அவள் தைத்த ஆடைகளை யாரும் எளிதில் போட்டுக்கொள்ள முடியாது. அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு. ஆனால் நகரத்து ஓவியக்கூடம் இரண்டு முறை அவளைத் திருப்பி அனுப்பியிருந்தது. "ஆடை நன்றாக உள்ளது. கடையில் வையுங்கள்" என்று இரண்டு முறையும் ஒரே குரலில் சொன்னது நோக்கி. அது கூடத்தைக் கட்டி மேய்க்கும் இயந்திரம். எது ஓவியம், எது துணிமணி என்பதில் அதன் சொல்லே முடிவு.

"ஓவியன் வரையிற கித்தானும் துணிதானே? அவன் சாயத்தைத் தடவுனா கலை, நான் சாயத்தையே வளத்தா தையலா?" என்று இசக்கி வீட்டுக்கு வந்து கத்தியதையெல்லாம் கேட்டுக்கொண்டவள் அவள் அண்ணன் மனைவி கோமதி. கோமதிதான் அவளுடைய ஆடைகளை அணிந்து காட்டுபவளும். உடற்சூடு இல்லாமல் பாசித்துகில் நிறம் பிடிக்காது என்பதால், ஆள் இல்லாமல் காட்சி இல்லை.

இது மூன்றாவது முறை. இதிலும் தோற்றால் கூடத்தின் கதவு ஆயுளுக்கும் திறக்காது என்பது விதி. இசக்கி துணிந்து இறங்கினாள். விழிவில்லையைக் கழற்றி வைத்துவிட்டு, புழுதியில் கண் எரிய எரிய, யாருடைய பார்வையும் படாமல் ஒரு வெற்று அங்கியை நெய்து, பாசி விழித்து உதிராதபடி குளிரில் உறங்கவைத்தாள். திறப்பு நாளில் அவள் கண் அல்ல, கூடத்துக்கு வரும் அத்தனை பேரின் கண்களும் சேர்ந்து அதில் ஓவியம் தீட்ட வேண்டும். அதுதான் அவள் கனவு.

அன்று காலை கூடத்தின் பின்னறையில் கோமதி அங்கிக்குள் நுழைந்தாள். இடுப்புக்குக் கீழே மணிபோல் விரிந்தது, கழுத்து காது வரை ஏறியது, நெஞ்சிலிருந்து ஒரு கை கூடுதலாகத் தொங்கியது.

"ஏட்டி, இந்த மூணாவது கை யாருக்கு?"

"யாருக்கும் இல்ல மைனி. அதான் கலை."

"கலையா இருக்கட்டும். அரிக்கி. உள்ளே ஒரு சட்டை போட்டுருக்கேன், அதுக்கு மேலயும் அரிக்கி."

"இன்னைக்கு ஒருநாள் பொறுத்துக்கிடுங்க மைனி, ஒங்க கால்ல வேணாலும் விழுதேன்."

சொல்லிவிட்டு இசக்கி அறையின் குறுக்கே நடந்தாள், திரும்பினாள், நகத்தைக் கடித்தாள், மறுபடி நடந்தாள். அப்போது நோக்கி உள்ளே வந்து, அங்கியின் இடது கீழோரத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு சீட்டை வைத்துத் தைத்தது.

"இது எதுக்கு?"

"பெயர்ச்சீட்டு. படைப்பாளி பெயர் இல்லாத பொருளைக் கூடத்தில் வைக்க இயலாது."

இத்துனூண்டு சீட்டு, இருந்துவிட்டுப் போகட்டும் என்று இசக்கி விட்டுவிட்டாள்.

கதவு திறந்தது. கூட்டம் திமுதிமுவென்று வந்தது. கோமதி மேடையில் நின்றாள். முதலில் வந்தவர் குனிந்து சீட்டைப் படித்தார். "இசக்கி... யாரு, அந்தத் தையல்காரியா?" என்றார். நிமிர்ந்து அங்கியின் மேல் ஒரு பார்வையை ஓடவிட்டார், மறுபடி குனிந்து பெயரைச் சரிபார்த்துக்கொண்டு நகர்ந்தார். அடுத்தவரும் குனிந்தார். அவர் பின்னால் நின்ற அம்மாள், "யாரு செஞ்சதாம், யாரு செஞ்சதாம்?" என்று எட்டிப் பார்த்து, தெரிந்ததும் திருப்தியாகப் போய்விட்டாள்.

சீட்டைச் சுற்றி ஒரு கருநீலம் கிளம்பியது. பிறகு மாதுளைச் சிவப்பு. அங்கியின் மற்ற இடமெல்லாம் சாம்பல்.

இசக்கியால் தாங்க முடியவில்லை. "மேலே பாருங்க! கையைப் பாருங்க, கழுத்தைப் பாருங்க!" என்று கத்தினாள். கூட்டம் அவளைப் பார்த்தது. "இவதான் இசக்கியா?" என்று கேட்டுக்கொண்டது. உறுதி செய்துகொள்ள எல்லோரும் ஒருமுறை சீட்டைப் பார்த்தார்கள்.

நண்பகலில் மூன்றாவது கை உதிர்ந்தது. அடுத்து கழுத்து. கோமதி அசையாமல் நின்றாள். நாத்தனாரின் முகத்தைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது. கடைசியில் உள்சட்டையோடு, உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றைக் கையில் பிடித்தபடி நின்றாள். அந்தத் துண்டில் மட்டும் செம்பாளையத்தில் யாரும் கண்டிராத நிறங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு பூத்துக் கிடந்தன. ஒரு நகரமே உற்றுப் பார்த்த இடமல்லவா!

இசக்கி சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். நோக்கி அந்தத் துண்டை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பி, நெடுநேரம் ஆராய்ந்தது.

"இதை இனி யாரும் அணிய முடியாது. ஆகவே இது ஆடை அல்ல. ஓவியம்."

கைதட்டல் எழுந்தது. இசக்கி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள். நோக்கி துண்டிலிருந்து சீட்டைப் பிரித்தெடுத்தது. உடற்சூட்டுக்குப் பதிலாக வெதுவெதுப்பான ஒரு சட்டகத்தில் துண்டைப் பொருத்தி, நடுச்சுவரில் மாட்டியது. அதற்குக் கீழே, விதிப்படி, ஒரு புதிய பெயர்ச்சீட்டை ஒட்டியது. கூட்டம் முண்டியடித்துக்கொண்டு வந்து, குனிந்தது.

கொஞ்ச நேரத்தில் கோமதி இசக்கியின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏட்டி, ஓரம் வெளுக்கு பாரு. எல்லாரும் கீழயே பாக்காவ. இப்படியே விட்டா பொழுதுக்குள்ள கொட்டிரும். செஞ்சவ நீ, நீயாவது படத்தைப் பாரேன்ட்டி!"

"பாக்கேன் மைனி, பாக்கேன்" என்றாள் இசக்கி.

சீட்டில் 'ஓவியர்: இசக்கி' என்று இருந்தது. அவள் அதை நாலாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.