திரையில் துடித்தது

திரையில் துடித்த இதயம், ஏசுவடியானின் நெஞ்சுக்குள் துடித்ததைவிட ஒரு துடிப்பு முந்திப் போய்க்கொண்டிருந்தது.

முதலில் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தூத்துக்குடி ஆஸ்பத்திரியின் அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே நல்ல வெயில், உள்ளே ஸ்பிரிட் வாடையும், ஏசியின் இரைச்சலும், தலைக்கு மேல் எக்ஸ்ரே கருவி நகரும்போதெல்லாம் சுவரில் நெளிந்த நிழலும், முதுகெலும்புவரை இறங்கிய குளிருமாக இருண்டு கிடந்தது. முன்பு செய்த பைபாஸ் ஆபரேஷனில் காலிலிருந்து எடுத்து நெஞ்சில் தைத்த ரத்தக்குழாய் அடைத்துவிட்டது. மறுபடி நெஞ்சைப் பிளக்க வேண்டாம், மணிக்கட்டு வழியாகக் கம்பி விட்டு ஸ்டென்ட் வைத்துவிடலாம் என்றிருந்தார் டாக்டர் விஜயராஜ். நாசரேத் பள்ளிக்கூடத்தில் ஏசுவடியானிடமே படித்தவர்.

"மாத்திரைய ஒருநாளும் விடலையே சார்? விட்டிருந்தா இப்பமே சொல்லிருங்க. ஸ்டென்ட்லயும் ரத்தம் உறைஞ்சிரும்."

ஏசுவடியானை வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த பைபாஸ் முடிந்து ஊர் திரும்பியதும் கோயிலில் மைக்கைப் பிடித்து, ஆண்டவர் தமக்குப் பூரண சுகம் தந்துவிட்டார் என்று சாட்சி சொல்லியிருந்தார். சபையே ஸ்தோத்திரம் என்றது. அப்படிச் சொன்ன வாயால் மாத்திரை விழுங்கக் கூசியது. மனைவி ஞானபாய் உள்ளங்கையில் வைத்ததையெல்லாம் வாழைத் தூரில் எறிந்தார். இப்போது சொன்னால் மானம் கப்பலேறிவிடும்.

"விடலை" என்றார்.

திரையில் இதயம் துள்ளியது. நெஞ்சுக்குள், வெகுநேரம் கழித்து, ஒன்று.

"நெசமாவா சார்?"

"ஒங்கிட்ட பொய் சொல்லுவேனாப்பா?"

பொய் சொன்ன பையன்களைப் பிரம்பால் விளாசிய வாத்தியார் அவர். தோளருகே சில்லென்று ஏதோ ஊர்ந்தது. திரையில் கறுப்புச் சாயம் கிளை கிளையாகப் பாய்ந்தது.

"அடைப்பு போயிட்டு சார்."

நெஞ்சு வலி நின்றது. எல்லாமே நின்றது. நெஞ்சுக்குள் சத்தமில்லை. காத்திருந்தார். இல்லை. இன்னும் இல்லை.

டாக்டர் ஞானபாயை உள்ளே கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். "பாருங்கம்மா, எவ்வளவு நல்லா துடிக்கு!"

அவள் கண்ணைத் துடைத்தாள். "இப்ப எப்படி இருக்குங்க? சொல்லுங்க."

சொல்லத்தான் வாயைத் திறந்தார். இரண்டு முகங்களும் அவரை நம்பிப் பார்த்துக்கொண்டிருந்தன.

"நல்லா இருக்கு."

மெல்ல இடது கையைத் தூக்கி, விரல்களைக் கழுத்தில் அழுத்திப் பார்த்தார். அங்கே எதுவும் அசையவில்லை. திரையில் அது துள்ளிக்கொண்டிருந்தது.