இடங்கள் நிரம்பிவிட்டன

அந்த நீச்சல்குளத்தின் இலவசக் கோடைப் பயிற்சிக்கு மொத்தம் இருபத்து நான்கு இடங்கள். சேர ஆசைப்பட்ட பிள்ளைகளோ இருநூறுக்கும் மேல். சண்டை வர வேறென்ன வேண்டும்?

போன வருஷம் அப்படித்தான் நடந்தது. பதிவு நாளன்று வரிசை தெருமுனை வரைக்கும் போனது. தள்ளுமுள்ளில் கவுண்டர் கண்ணாடி உடைந்தது. கடைசியில் திட்டு வாங்கியது என்னவோ கவுண்டரில் உட்கார்ந்து பெயர் எழுதிய குண்டூசியின் அம்மாதான்.

குண்டூசிக்குப் பத்து வயது. ஆள் ஒல்லி, பேச்சு சுருக்கென்று இருக்கும். அதனால் வந்த பெயர் அது.

"இந்த வருஷம் வரிசையே கிடையாது. எல்லாம் ஆன்லைன்" என்றார் மேனேஜர். "மூணு கம்பெனிக்காரங்க ஆளுக்கொரு ஆப் குடுத்து, பாத்துட்டுச் சொல்லச் சொல்லியிருக்காங்க. எது நல்லாயிருக்குன்னு நீங்களே சொல்லிடுங்கம்மா."

அம்மா அந்த வேலையை அப்படியே குண்டூசியின் தலையில் கட்டினாள். "எனக்கு இதெல்லாம் பிடிபடாது. நீ பாரு."

குண்டூசிக்குப் பெருமை பிடிபடவில்லை. கவுண்டர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து மூன்றையும் தட்டிப் பார்த்தாள்.

முதலாவது பதினொரு பக்கம் கேள்வி கேட்டது. ரத்த வகை என்ன, தாத்தா என்ன வேலை பார்த்தார் என்றெல்லாம் குடைந்தது.

"நீந்த வர்றவங்ககிட்ட தாத்தா வேலை எதுக்கும்மா?"

"தள்ளு அதை."

இரண்டாவது, பூசாத சுவர் மாதிரி சாம்பல் நிறத்தில் இருந்தது. பெயர், வயது, ஒரு போன் நம்பர். அவ்வளவுதான். பார்த்தாலே கொட்டாவி வந்தது.

மூன்றாவதைத் திறந்ததும் திரையில் அலை அடித்தது. எல்லாவற்றையும் நிரப்பி முடித்தால் ஒரு நீல மீன் துள்ளிக் குதித்து, 'வா, நீந்தலாம்!' என்றது. குண்டூசி அந்த மீனை ஒன்பது முறை துள்ள வைத்தாள்.

"இதுதாம்மா!"

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "போன் இல்லாதவங்க வந்தா நாமளே இங்க உட்கார்ந்து பேரை ஏத்த முடியுமா? அந்தச் சாம்பல் கலர்ல முடியும்னு போட்டிருந்துச்சே."

"இதுல முடியாது. இந்தக் காலத்துல போன் இல்லாதவங்க யாரும்மா இருக்காங்க?"

அம்மாவுக்கு அன்று தலைவலி. "சரி, உன் இஷ்டம்" என்றுவிட்டாள்.

குண்டூசியின் உயிர்த்தோழி நெட்டை, பக்கத்துத் தெருச் சலவைக்கடைக்காரரின் மகள். பன்னிரண்டு வயது வரைக்கும்தான் பயிற்சியில் சேர்ப்பார்கள். நெட்டைக்கு அடுத்த மாதம் பதின்மூன்று பிறக்கிறது. போன வருஷம் வரிசையில் இருபத்தைந்தாவதாக நின்றவள் அவள். இந்த வருஷம் விட்டால் பிறகு கிடையாது.

ஒரு வாரமாக அந்த மீனைப் பற்றி நெட்டையிடம் அளந்துகொண்டிருந்தாள் குண்டூசி. ஆனால் பதிவு போனில் மட்டும்தான் என்பதைச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. வீட்டில் அம்மாவின் போனில் குண்டூசி தன் பெயரைப் பதிந்தாள். மீன் துள்ளியது. அவள் அதைவிட உயரமாகத் துள்ளினாள்.

அப்போதுதான் வாசலில் நெட்டை வந்து நின்றாள். தலையெல்லாம் வியர்வை. கையில் பிறப்புச் சான்றிதழ், கசங்காமல் பிளாஸ்டிக் உறையில்.

"ஒன்பது மணியிலிருந்து கவுண்டர் வாசல்ல நின்னேன். நான்தான் முதல் ஆள்னு சந்தோஷப்பட்டேன். காவலாளி இப்ப வந்து, இங்க ஒண்ணுமில்ல, போன்லதான்னு சொல்றார். எங்க வீட்ல பட்டன் போன்தானேடி!"

"உள்ள வா, உள்ள வா! இன்னும் ஒன்பது இடம் இருக்கு!"

குண்டூசியின் விரல்கள் பறந்தன. பெயர். பிறந்த தேதி. ஈமெயில்.

"உங்க ஈமெயில் என்ன?"

"அப்படீன்னா?"

அம்மாவுடையதைப் போட்டாள். 'இந்த முகவரி ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டுவிட்டது' என்றது திரை. வேறு யாருடையது? பக்கத்து வீட்டு அத்தையிடம் ஓடிப்போய்க் கேட்டுக்கொண்டு ஓடி வருவதற்குள் அலைகள் நின்றுபோயிருந்தன.

'இடங்கள் நிரம்பிவிட்டன. நன்றி!'

நெட்டை அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இதையா நீ தேர்ந்தெடுத்த?"

"ஆமா."

"மீன் நல்லாத்தான் இருக்கு" என்றாள் நெட்டை. சான்றிதழை உறைக்குள் சரியாகச் செருகிக்கொண்டு போய்விட்டாள். அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது குண்டூசிக்கு.

மறுநாள் மேனேஜர் முன்னால் போய் நின்றாள். "என் பேரை எடுத்துட்டு நெட்டை பேரைப் போடுங்க சார்."

"பேரை மாத்துற வசதி இதுல இல்லம்மா. நீ விலகினா ஒரு இடம் திறக்கும். யாரு முதல்ல தட்டுறாங்களோ அவங்களுக்கு."

"நீங்க நினைச்சா முடியாதா?"

"கம்ப்யூட்டர் போட்ட பட்டியல். அதை நான் மாத்தினா, மேலிடத்துல என்னை மாத்திடுவாங்க!" தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். குண்டூசிக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று சாயங்காலம் நெட்டைக்கென்று புதிதாக ஓர் ஈமெயில் உண்டாக்கினார்கள். அதற்கு அம்மாவுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது.

"நல்லா யோசிச்சுக்கோ. போனா போனதுதான்" என்றாள் அம்மா.

குண்டூசி 'விலகுகிறேன்' என்பதைத் தட்டினாள். 'ஓர் இடம் உள்ளது' என்று வந்தது. உடனே நெட்டையின் பெயரை அடிக்கத் தொடங்கினாள். பிறந்த தேதிக்கு வரும்போதே திரை மாறிவிட்டது.

'இடங்கள் நிரம்பிவிட்டன. நன்றி!'

யாரோ ஒருவர் தட்டிவிட்டார். இப்போது நெட்டைக்கும் இல்லை, குண்டூசிக்கும் இல்லை.

குண்டூசி மேசையில் கவிழ்ந்து அழுதாள். அம்மா அவள் தலையைத் தடவினாள். "நானும்தானே சரின்னு சொன்னேன். நீ மட்டும் அழாத."

நெட்டையிடம் இதைச் சொல்லலாம் என்று இரண்டு முறை சலவைக்கடைப் பக்கம் போனாள். இரண்டு முறையும் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த நெட்டை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை பயிற்சி தொடங்கியது. கவுண்டரில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தபடி, குளத்தில் இறங்கிய தலைகளை எண்ணினாள் குண்டூசி. பதினேழு. மறுபடி எண்ணினாள். பதினேழுதான். செவ்வாய்க்கிழமையும் அதே பதினேழு.

விடுப்பு வேண்டும் என்றுகூட யாரும் சொல்லவில்லை. பட்டியலில் கடைசியாக ஏறியிருந்த பெயர், குண்டூசி விட்ட இடத்தைப் பிடித்த அந்த யாரோகூட வரவில்லை.

நீச்சல் சொல்லித் தரும் கோச் அக்கா, வராத ஏழு வீடுகளுக்கும் போன் போட்டாள். ஒரு வீட்டில், "நீச்சலா? ஓ, அதுவா! பையன் பேரை ஒன்பது இடத்துல போட்டு வெச்சிருந்தோம். எது எதுன்னே ஞாபகமில்ல" என்றார்கள். இன்னொரு வீட்டில் ஊருக்கே போய்விட்டிருந்தார்கள்.

குண்டூசி அந்த ஏழு பெயர்களையும் பார்த்தாள். மீன் அவர்களுக்கும்தானே துள்ளியிருக்கும்!

"அக்கா, ரெண்டு நாள் வராதவங்க இடம் காலின்னு மேனேஜர்கிட்ட சொல்லுங்க. நாளைக்குக் காலைல யாரு நேர்ல வந்து நிக்கிறாங்களோ அவங்களுக்குக் குடுங்க. ஆப்புல வேணாம். அம்மா நோட்டுல எழுதட்டும்."

கோச் அக்கா அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு விசிலைக் கழுத்தில் மாட்டியபடியே மேனேஜர் அறைக்குள் போனாள். உள்ளே பெரிய சத்தமாக இருந்தது. "சரி, சரி, விசிலை ஊதாத!" என்று மேனேஜர் அலறுவது வெளியே கேட்டது.

குண்டூசி சலவைக்கடைக்கு ஓடினாள்.

"நெட்டை எங்க மாமா? இடம் இருக்கு! நாளைக்கு வரச் சொல்லுங்க!"

நெட்டையின் அப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "நேத்தே அவளை அத்தை வீட்டுக்கு பஸ் ஏத்திவிட்டுட்டேனேம்மா. அத்தைக்குக் குழந்தை பொறந்திருக்கு. இங்க சும்மாதானே இருக்கேன், துணைக்குப் போறேன்னு அவளே கேட்டா."

பட்டன் போனில் அத்தை வீட்டுக்குப் போட்டுக் கொடுத்தார்.

"நெட்டை, இடம் கிடைச்சிருச்சு! வந்துடு!"

அந்தப் பக்கம் தூரத்தில் கைக்குழந்தை ஒன்று அழுதது.

"அத்தையால இன்னும் எழுந்து நடக்கவே முடியல. விட்டுட்டு எப்படி வர்றது?" என்றாள் நெட்டை. கொஞ்சம் கழித்து, "தம்பிக்கு எட்டு ஆயிடுச்சு. அவனைச் சேத்துவிடு" என்றாள். போன் வைக்கப்பட்டது.

குண்டூசி தெருத்தெருவாக நடந்தாள். பட்டன் போன் வீடுகள், போனே இல்லாத வீடுகள் எல்லாவற்றிலும் சொன்னாள். இத்தனை வீடுகள் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

புதன்கிழமை காலை நெட்டையின் தம்பியோடு சேர்த்து ஆறு பேர் வந்து நின்றார்கள். அம்மா நோட்டில் எழுதினாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கே. உன் பேரைப் போடட்டுமா?" என்று குண்டூசியைக் கேட்டாள்.

குண்டூசி குளத்தைப் பார்த்தாள். தண்ணீர் பளபளவென்று இருந்தது. ஆசையாகத்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு பொடிப்பெண் கவுண்டர் விளிம்பைப் பிடித்துத் தொங்கி எட்டிப் பார்த்தாள்.

"அவ பேரை எழுதும்மா" என்றாள் குண்டூசி.

மூன்று வாரம் ஓடியது. கடைசி நாளன்று பிள்ளைகள் நீந்திக் காட்டினார்கள். குண்டூசி கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தாள். பக்கத்தில் ஒரு நெடிய நிழல் விழுந்தது. நெட்டை. காலையில்தான் ஊரிலிருந்து வந்திருந்தாள்.

நெட்டையின் தம்பி இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குத் தண்ணீரை அடி அடியென்று அடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தான்.

"காலை மடக்குறான்" என்றாள் நெட்டை.

"ஆமா."

"நீ ஏன் வெளிய நிக்கிற? நீ சேரலையா?"

"சேந்தேன். உனக்குக் குடுக்கலாம்னு விலகினேன். வேற யாரோ பிடிச்சுட்டாங்க."

நெட்டை வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பதின்மூன்று பிறந்து நான்கு நாளாகியிருந்தது.

"எனக்கு இன்னும் கோபம் போகல" என்றாள்.

"தெரியும்."

தம்பி ஈரத்தலையோடு ஓடி வந்தான். நெட்டை அவனைத் துவட்டி, கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். குண்டூசி வேலியோரமாகவே நின்றாள்.

தெருத் திருப்பம் வந்தது. நெட்டை அங்கே நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை, கூப்பிடவும் இல்லை. ஆனால் நின்றாள்.

குண்டூசி ஓடினாள்.